அறுபத்தெட்டாம் நம்பர் பூசணி

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் ஒரே லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்தோம், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். பெயரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. ‘கடைசி வீட்டு அக்கா’ என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு மேல் எதற்கு என்று இருந்துவிட்டோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

நம்பர் மட்டும் தெரியும். அறுபத்தெட்டு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. விடிவதற்கு முன்னால் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, கணக்கு எழுதுகிற கிராணி அதைத்தான் கூப்பிடுவார். நம்முடைய பால் வாளியில் அது இருக்கும், நமக்கு விட்ட மர நிரையில் முதல் மரத்தில் வெள்ளைச் சாயத்தில் அது இருக்கும். ஓர் எழுத்துத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் நம்பரை எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தங்கள் புருஷன் நம்பரையும் அப்படித்தான்.

அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எந்தக் காயையும் அதன் இஷ்டத்துக்கு வளர விடமாட்டாள். புடலங்காய் நேராக இறங்க வேண்டும் என்று எல்லோரும் நுனியில் கல் கட்டுவார்கள். இவள் கல்லைக் கட்டாமல் ஒரு மூங்கில் குச்சியைச் சுற்றிச் சுற்றி விடுவாள். காய் முறுக்கிய கயிறு மாதிரி வளரும். சுரைப் பிஞ்சுக்குப் பழைய சேலைக் கிழிசலை இடுப்பில் கட்டுவாள். அது முற்றும்போது மேலும் கீழும் பெருத்து நடுவில் சிறுத்து நிற்கும். லயத்து இளவட்டங்கள் அதற்கு ஒவ்வொருத்தியின் பெயராக வைத்துக் கூத்தடிப்பார்கள். பால் பிடிக்கிற பீங்கான் மங்கு இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே கத்திரிப் பிஞ்சை அடைப்பாள். அவிழ்த்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றி ஒரு விளிம்போடு உருண்டையாக ஊதா நிறத்தில் ஒரு பண்டம் வரும். சத்தியம் செய்தால்தான் கத்திரிக்காய் என்று நம்புவார்கள்.

இதையெல்லாம்விட அவளுக்குப் பிடித்தது போத்தல் வெள்ளரி. பூ உதிர்ந்த பிஞ்சை, கொடியோடு வைத்தே வெற்றுச் சோடாப் போத்தலுக்குள் நுழைத்து, போத்தலைப் பந்தலில் கட்டித் தொங்கவிடுவாள். வெயில் படாமல் மேலே கோணிச் சாக்கு. பிஞ்சு உள்ளேயே வளர்ந்து, போத்தல் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பிறகு காம்பை நறுக்கிவிடுவாள். வெளியே எடுக்க முடியாது. போத்தலை உடைத்தால்தான் உண்டு.

“எதுக்குக்கா இந்த வேலை? ருசி மாறுதா?” என்று கேட்டேன்.

“ருசி எங்க மாறுது? சும்மா விட்டா சும்மாதான் வளரும்” என்றாள்.

எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அதற்கு மேல் பேசமாட்டாள். பேச்செல்லாம் பந்தலோடுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், சாயங்காலத்தில் அவள் வீட்டுப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டு, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வெள்ளரியைப் பார்த்து, “தோள இப்படிக் குறுக்கிக்கிட்டா எப்படி? நல்லா நீட்டிப் படு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. “வா புள்ள, உக்காரு” என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

அவள் புருஷன் கப்பலேறி ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான் என்று ஒரு பேச்சு. இல்லை, ஜித்ரா பக்கம் வேறு தோட்டத்தில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று ஒரு பேச்சு. பிள்ளை இல்லை. கல்யாணம் காதுகுத்து என்றால் கூப்பிடுவோம். வருவாள், பந்தி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், முறுக்குப் புடலை ஒன்றை வைத்துவிட்டுப் போவாள். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் தொரை காரில் ஏறிப் போய்விட்டார். ரப்பர் பால் வாங்க ஆளில்லை. மங்குகள் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன. எல்லோரும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட வேண்டும் என்று உத்தரவு. அரிசி வருவது மெல்ல மெல்ல நின்றது. மெர்போக் சாலையில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஓர் அதிகாரி, நட்டதைப் பார்வையிட வந்தான். கூடவே மொழிபெயர்க்க ஒருவன். கிராணி வியர்த்து வழிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

கடைசி வீட்டில் முன்பக்கம் உத்தரவுப்படி மரவள்ளி. பின்பக்கம் பந்தல். அதிகாரி பந்தலுக்குக் கீழே போய் நின்றுவிட்டான். முறுக்குப் புடலையைத் தொட்டான். போத்தலைத் தூக்கிப் பார்த்தான்.  போத்தலின் வாயையும் உள்ளே இருந்த வெள்ளரியின் பருமனையும் மாறி மாறிப் பார்த்து, ஏதோ கேட்டான்.

“இது உள்ள எப்படிப் போச்சுன்னு கேக்கறாரு” என்றான் மொழிபெயர்ப்பவன்.

“போகலீங்க. உள்ளயே பெருசாச்சு” என்றாள் அவள்.

அதிகாரி சிரித்தான். போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கிராணிக்கு உயிர் வந்தது. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது; எனக்கு அவள் மேல் எரிச்சலாக இருந்தது. ஊரே பயந்து கிடக்கும்போது இவளுக்கு மட்டும் இது என்ன விளையாட்டு என்று நினைத்தேன்.

பசி வந்தால் திருட்டும் வரும். பந்தலில் காய் காணாமல் போக ஆரம்பித்தது. அவள் நீர்ப்பூசணி போட்டிருந்தாள். ஒவ்வொரு பிஞ்சும் கைப்பிடி அளவு ஆனதும், பால் வெட்டும் உளியால் அதன் மேல் தன் நம்பரைக் கீறிவிட்டாள். மரம் வெட்டுகிற கைக்குத்தான் அந்த வேலை வரும். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்பி வராது, மேற்பார்வை பார்க்கிற தண்டல் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார். காயிலும் அதே கணக்குதான். தோலைத் தாண்டிச் சதையைத் தொட்டால் அழுகிவிடும். அவள் கீறியது ஒன்றும் அழுகவில்லை. கீறல் பழுப்பாக ஆறி, காயோடு சேர்ந்து பெருத்து, காய் முற்றிச் சாம்பல் பூத்தபோது, அறுபத்தெட்டு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பாக எழுந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதம், அரிசி உண்டு என்றார்கள். கிராணி பட்டியலை வாசித்தார். எங்கள் லயத்தில் பதினேழு ஆண்கள். என் வீட்டுக்காரர் நாற்பத்தேழாம் நம்பர். உளியைக் கூரைக்குள் செருகிவிட்டு, “துருப்புடிக்காமப் பாத்துக்க, மூணு மாசத்துல வந்துருவேன்” என்று லாரியில் ஏறினார். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. லாரி சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குப் போனது. அதோடு சரி. மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது, ஒரு வரி கடுதாசி இல்லை.

ஒரு நாள் அவள் பந்தலடியில் போய் நின்றேன். சோடாப் போத்தல் அளவில் ஒரு பூசணிப் பிஞ்சு தொங்கியது.

“அக்கா, இதுல எங்க வூட்டுக்காரர் நம்பரக் கீறித் தருவியா?”

“எதுக்கு?”

“சும்மா.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவரு உளிய எடுத்துட்டு வா” என்றாள்.

என் வீட்டுக்காரரின் உளியாலேயே நாற்பத்தேழைக் கீறினாள். அந்தப் பிஞ்சு நாளுக்கு நாள் பெருக்கப் பெருக்க, நம்பரும் பெருத்தது. தினம் போய்ப் பார்த்தேன். ஒரு மனுஷன் வளர்வதைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. இதை முதலில் கேட்டவள் நான்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததுக்கெல்லாம் பழி அவள் தலையில் விழுந்தது.

என்னைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பதினாறு பேரும் அவரவர் புருஷன் உளியோடு வந்தார்கள். அந்தக் கொல்லையில் கால் வைக்காதவர்கள் எல்லாம் தினமும் அங்கேதான் இருந்தார்கள். அவள் கொல்லையைக் கூட்டிச் சுத்தமாக்கி, செங்கல்லின் மேல் பலகை போட்டு உட்கார இடம் செய்தாள். மரவள்ளி அவித்து வைத்தாள். பேச்சு வராதவள் என்று நினைத்தவளுக்கு வாய் மூடவில்லை. “இருவத்தொண்ணு நேத்துக்கு இன்னிக்கு ஒரு வெரல் கூட இருக்காரு. அம்பத்தாறுக்கு என்ன கோவமோ, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு லா” என்பாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முற்றிய காய்களைக் கயிற்று உறியில் வைத்து அவரவர் வீட்டில் தொங்கவிட்டோம். நீர்ப்பூசணி நல்ல காற்றில் பல மாதம் கெடாது. நாற்பத்தேழு எங்கள் வீட்டு நடுவில், என் கண் உயரத்தில் தொங்கியது.

முப்பத்தொன்றாம் நம்பர்க் காய் மட்டும் நான்கு மாதத்தில் காம்பில் கறுத்துத் தண்ணீர் விட்டது. அதே வாரத்தில், பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் சயாமிலிருந்து தப்பி வந்து சேர்ந்தான். முப்பத்தொன்று வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னான். அந்த நம்பருக்காரி அழுத அழுகை லயம் முழுக்கக் கேட்டது.  மறுநாள் காலையில் லயத்தில் ஒவ்வொருத்தியும் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் வீட்டுக் காயின் காம்பை அழுத்திப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு அதைச் செய்யாமல் எவளும் வாய் கொப்பளித்தது இல்லை.

ஒரு வருஷம் தாண்டியது. ஒரு காயும் அழுகவில்லை. “பதினாறும் கல்லு மாதிரி இருக்கு” என்று குழாயடியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

என் மகள் ஒரு நாள் நாற்பத்தேழின் பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு கீறிவிட்டாள். அவளை அடித்துவிட்டு நானும் அழுதேன். ஒரு மாதம் கழித்து, மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், அந்தக் கோட்டைக் காணோம். தொட்டுப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். தழும்பில் ஏழின் கால் முன்பைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தது.  அன்று முழங்கால் வலி என்று வேலைக்கு வராமல் லயத்தில் இருந்தவள் கடைசி வீட்டு அக்கா ஒருத்திதான்.

அவள் வீட்டுக்கு ஓடினேன். இல்லை. ஓடையைத் தாண்டி, பழைய கன்றுத் தோட்டத்துக்குப் பின்னால் லாலான் புல் மிதிபட்டு ஒரு தடம் போனது. அதோடு போனேன். அங்கே ஒரு பந்தல். எங்களுக்குத் தெரியாத பந்தல். அதில் வரிசையாகத் தொங்கின: பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தாறு... எல்லா நம்பரும் இருந்தன. நாற்பத்தேழும் இருந்தது, முழங்கை அளவில், இன்னும் சாம்பல் பூக்காமல். அடியில் அவள் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுக் காய எடுத்தியா?”

“ம்.”

“எத்தன தரம்?”

“ஒன்னோடது ஒரு தரந்தான்.”

“அப்ப... அழுகிப்போச்சா?”

“காய்னா அழுகும் புள்ள.”

“அவரு செத்துட்டாராக்கா?”

அவள் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். “காய்தான் புள்ள செத்துச்சு. மூணு வூட்டுல அழுகப் பாத்துச்சு. அழுகறதுக்கு முன்னாடி, காம்பு மெத்துனு ஆனப்பவே மாத்திட்டேன். முப்பத்தொண்ணுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அதையும் மாத்தியிருப்பேன்” என்றாள்.

அவளைக் கன்னாபின்னாவென்று ஏசினேன். எங்களை ஏமாற்றிவிட்டாய் என்றேன்.  நான் ஓய்ந்ததும், “மத்தவங்ககிட்டச் சொல்லிடாத லா” என்றாள். நான் சொல்லவில்லை. பந்தலில் ஓர் ஓரத்தில் அறுபத்தெட்டு ஒன்று தனியாகத் தொங்கியது. “அது எதுக்கு? ஒன்னத்தான் யாரும் புடிச்சிட்டுப் போகலையே” என்று கேட்டேன். “எல்லாரும் இருக்காங்க, நானும் இருந்துட்டுப் போறேன்” என்றாள்.

அந்த வருஷம் தை, மாசியில் மழை அடியோடு இல்லை. ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. கீரை காய்ந்தது, கொடி காய்ந்தது. ஓடைக்கு அப்பால் இருந்த பந்தலைக் காட்டுப்பன்றி வந்து அடித்து, இருந்த காயை எல்லாம் தின்றுவிட்டுப் போனது. முற்றியதும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அறுபத்தெட்டு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். எங்கள் வீடுகளில் மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளி மாவு, மறுபடியும் கிழங்கு. என் மகள் அதைக் கண்டாலே குமட்டினாள். தின்றது தங்கவில்லை. வயிற்றோட்டத்தில் துணியாகத் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரிடம் மருந்து இல்லை. “கிழங்க நிறுத்தும்மா. ஏதாவது காய வேக வச்சு மசிச்சுக் கஞ்சி மாதிரி கொடு. இல்லாட்டி நிக்காது” என்றார்.

காய்க்கு எங்கே போவேன்? அக்கா வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். உறியைப் பார்த்தாள்.

“அத எறக்கு” என்றாள்.

“மாட்டேன்.”

“அது நான் மாத்தி வச்ச காய். ஒனக்கே தெரியும்.”

“தெரியும். மாட்டேன்.”

தெரிந்துதான் சொன்னேன். அது வேறு காய் என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் அதன் மேல் கத்தி வைப்பதை நினைத்தால், அங்கே சயாமில் அவர் கழுத்தில் வைப்பது மாதிரி இருந்தது. பிள்ளை பாயில் கிடந்தாள். காய் அவளுக்கு நேர் மேலே தொங்கியது. அப்படி ஒரு தாயாக நான் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா எழுந்து போனாள்.

மறுநாள் காலை, குழாயடியில் வரிசையில் நின்றிருந்தோம். அவள் ஒரு கையில் பாராங்கத்தி, இடுப்பில் அறுபத்தெட்டு. துவைக்கிற கல்லின் மேல் காயை வைத்தாள். நம்பர் மேலே பார்க்கும்படி திருப்பி வைத்து, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரே வெட்டு. பெண்கள் ஐயோ என்று கத்தினார்கள். அவள் ஒரு துண்டு நறுக்கி, பச்சையாகவே வாயில் போட்டு மென்றாள்.

“எல்லாம் நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கும் தண்ணிக்கு வருவேன்.”

முப்பத்தொன்றாம் நம்பருக்காரி முன்னால் வந்தாள். “ஒனக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஒன் காய அறுக்க ஒனக்கு என்ன?” என்று கேட்டாள்.

 நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“ஆமா” என்றாள் அக்கா. “அதான் நான் மொதல்ல அறுத்தேன்.”

பாதியை என் கையில் கொடுத்தாள். மீதியை, பிள்ளை உள்ள நான்கு வீட்டுக்குப் பங்கு போட்டாள். நான் வேகவைத்து மசித்து, விரலால் மகளுக்கு ஊட்டினேன். அன்று சாயங்காலம் ஒரு வாய் தங்கியது. மறுநாள் இரண்டு வாய்.

அக்கா மறுநாளும் தண்ணீருக்கு வந்தாள். அதற்கு மறுநாள் வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றாள். பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். சாவாளா என்றுதான் பார்த்தார்கள். நான்காம் நாள் அவள் கொடுத்த பாதி தீர்ந்தது. அன்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி என் வீட்டைத் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து, உறியை அவிழ்த்து, நாற்பத்தேழை அறுத்தேன். என் மகள் பிழைத்தாள். அடுத்த நாள் இருபத்தொன்று, அதற்கடுத்து ஐம்பத்தாறு. பதினைந்து நாளில் லயத்தில் ஒரு காயும் தொங்கவில்லை. பிள்ளைகளின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மழையும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் கொல்லைக்கு யாரும் போகவில்லை. போவதற்கு ஒன்றுமில்லை. கோபம் இல்லை, அதை எப்படிச் சொல்வது? அவளைப் பார்த்தால், நாங்கள் அறுத்துத் தின்றது நினைவுக்கு வந்தது. நானும் போகவில்லை. குழாயடிக்கு அவள் வருகிற நேரத்தை விட்டு வேறு நேரத்தில் போனேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். காயை அறுத்தால் அந்தப் பலகையில் உட்கார ஆள் இருக்காது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. செங்கல்லும் பலகையும் அப்படியே கிடந்தன. சாயங்காலங்களில் பந்தலோடு பேசுகிற குரல் மறுபடியும் கேட்டது.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. பதினாறு பேரில் ஆறு பேர் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு காலில் ஆறாத புண்ணோடு, எலும்பும் தோலுமாக வந்து வாசலில் நின்றார். அன்று லயமே எங்கள் வீட்டில் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு அக்கா வந்தாள். கையில் ஒரு போத்தல். உள்ளே பச்சையாக, அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளரி.

“தம்பிக்கு” என்றாள்.

வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டேன். உள்ளே வா, உட்கார் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.  அவள் என் மகளின் தலையைத் தடவினாள். “நல்லா வளந்துட்டா” என்றாள். போய்விட்டாள்.

“யாரு அது?” என்று கேட்டார் அவர்.

“கடைசி வூட்டு அக்கா” என்றேன். அவர் காலைக் கழுவத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.

கொஞ்ச நாளில் தோட்டத்தை மறுபடி திறந்தார்கள். பழையபடி பிரட்டு. கிராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு நம்பர்களைக் கூப்பிட்டார். அறுபத்தேழு என்றார், ஆள் பதில் கொடுத்தது. அறுபத்தெட்டு என்றார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு, கடைசியாக அவளை யார் பார்த்தது என்று கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான்கைந்து நாள் இருக்கும் என்றார்கள். பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அறுபத்தொன்பது என்றார்.

வேலை முடிந்ததும் ஓடினேன். வீடு திறந்து கிடந்தது. பாய் இல்லை, பானை இல்லை. தஞ்சோங் டாவாய்ப் பக்கம் மீன் காயப்போடும் இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று பிறகு ஒருவர் சொன்னார். அவர் சொன்னது உண்மையா என்று தெரியாது. ஒரு தரம் போய்த் தேடினேன். பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? முழங்கால் வலிக்காரி, காயோடு பேசுவாள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.

பந்தல் மூங்கிலில் அவள் உளி செருகியிருந்தது. அதற்குப் பக்கத்தில், கைப்பிடி அளவில் ஒரு பூசணிப் பிஞ்சு. நம்பர் கீறும் பருவம். மேலே ஒன்றும் இல்லை. நான் உளியை எடுத்து அறுபத்தெட்டைக் கீறினேன். ஆறில் கை ஆழமாகப் போய்விட்டது. அழுகிவிடும் என்று பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை. அழுகவில்லை, ஆறிவிட்டது. காய் முற்றியதும் கொண்டுவந்து, நாற்பத்தேழு தொங்கிய இடத்தில் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது சுங்கைப் பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. அந்த உளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் ஒரு கொடி, ஒரு காய், அதே நம்பர். காலையில் காம்பை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பேன். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான்.

போன மாதம் காம்பு மெத்தென்று ஆனது. புதுசு ஒன்று தயாராக இருந்தது. அதை உறியில் வைத்துவிட்டுப் பழையதை இறக்கி, நடுவில் வெட்டி, கூட்டு வைத்தேன். மகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.